பொட்டு வைத்த சிறுநீரகம்

ஆயுத பூஜையன்றைக்கு டூட்டி யாருக்கு என்று எங்கள் ஆபீசில் கேள்வியே வராது. "அதான் ஜெசிந்தா இருக்காளே" என்று சொல்லிவிட்டு எல்லாரும் பொரி வாங்கக் கிளம்பிவிடுவார்கள். பதிலுக்குக் கிறிஸ்துமஸுக்கு நான் தூத்துக்குடிக்குப் போய்விடுவேன். நியாயமான ஏற்பாடுதான், அந்த வருஷம் வரைக்கும்.

அன்று மத்தியானம் நான் எடுத்த முதல் போன் ஆவாரம்பாளையத்திலிருந்து. மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் வெள்ளிங்கிரி பேசினார்.

"மேடம், மீனு மேல வந்து வாயை வாயைத் தொறக்குதுங்க."

"பாசித்தட்டு எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"பளிச்சுனு இருக்குதுங்க," என்றார் பெருமையாக.

நான் வண்டிச் சாவியை எடுத்தேன். பாசித்தட்டு என்பது பளிச்சென்று இருக்கவே கூடாத பொருள்.

எங்கள் கம்பெனி வீடு வீடாக மாட்டிக்கொடுக்கும் இந்தத் தொட்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சும்மா பார்த்தால் வசதியான வீட்டு ஹாலில் இருக்கும் கடல் மீன் தொட்டிதான். உப்புத் தண்ணீர், நாலு பாறை, ஒரு கோமாளி மீன். பக்கத்தில் ஒரு நாற்காலி. சிறுநீரகம் போனவர் அதில் உட்கார்ந்து கையைக் கொடுத்தால், அவருடைய ரத்தம் ஒரு மெல்லிய சவ்வை ஒட்டி ஓடி, தன் அழுக்கை மட்டும் தொட்டித் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும். அந்த அழுக்கைத் தின்பது பாசி. தொட்டிக்கு மேலே சொரசொரப்பான ஒரு பிளாஸ்டிக் வலை தொங்கும். அதன் இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதைத்தான் தட்டு என்போம். புதுத் தொட்டியில் முதலில் பழுப்பாக வழுவழுவென்று ஏதோ பிடிக்கும், பிறகு பச்சைக் கம்பளி மாதிரிப் பாசி முளைக்கும். அது முதிர ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை ஆளை உட்கார விடமாட்டோம். முதிர்ந்த பிறகும், வாரம் ஒருதரம் பாதிப் பாசியைத்தான் வழிக்க வேண்டும். மறுபாதி வேலையில் இருந்தாக வேண்டும். மீன் எதற்கு என்றால், தண்ணீர் கெட்டால் மனுஷருக்கு முன்னால் அதற்குத்தான் மூச்சு முட்டும்.

தொட்டி கேட்கிறவர் ஆஸ்பத்திரி டயாலிசிஸில் தனக்கிருந்த முறையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும். திட்டத்தின் அழகே அதுதான் என்று விளம்பரத்தில் சொன்னார்கள்.

வண்டியை எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது பட்டறை வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. காயில் சுற்றும் மெஷின், டிரில்லிங் மெஷின், ஸ்கூட்டர், மாவரைக்கும் கிரைண்டர் எல்லாம் குளித்துவிட்டுப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. உள் அறையில் தொட்டி. அதற்குத்தான் இருப்பதிலேயே பெரிய மாலை. தட்டின் சட்டத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம். வலை, பெட்டியிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்ததுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தது. மீன் பக்கவாட்டில் மிதந்தது. அதற்கு உயிர் இல்லை.

"என்ன போட்டுக் கழுவுனீங்க?"

"சோப்புத்தூள் போட்டனுங்க, போவலை. பொறகு பாத்ரூம் ஆசிட்ட ஊத்தி இரும்பு பிரஷ்ல தேச்சனுங்க." வெள்ளிங்கிரியின் குரல் இறங்கத் தொடங்கியது. "எல்லா மெஷினையுங் கழுவிப்போட்டு இதை மட்டும் அழுக்கா உடறதுங்களா? என்ற பொண்டாட்டி உசுரக் காப்பாத்தற மெஷினுங்க. மொதப் பூசையே இதுக்குத்தானுங்க போட்டேன்."

அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அக்கறை இல்லாமல் கெடுத்திருந்தால் நன்றாக நாலு கேட்டிருப்பேன். இந்த மனுஷர் அன்போடு கெடுத்து வைத்திருக்கிறார்.

நாற்காலியில் அவர் மனைவி துளசிமணி உட்கார்ந்திருந்தார். அவர் தொட்டிக்கு மாறி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் அவருடைய முறை. முகம் உப்பியிருந்தது. கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்கக்கா?"

"சுண்டல், வாழைப்பழம்." குற்றவாளி மாதிரிச் சிரித்தார். "நாலு வருசமா ஒரு வாய் சுண்டல் திங்கல கண்ணு. தொட்டிதான் வந்துருச்சேன்னு ரெண்டு கிண்ணம் தின்னுட்டேன்."

சுண்டலிலும் பழத்திலும் ஒரு உப்பு இருக்கிறது. சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. இல்லாதவர்களுக்கு ரத்தத்தில் ஏறி, இதயத்தின் ஓட்டத்தையே தப்ப வைத்துவிடும். இவரால் மறுநாள் வரை தாங்க முடியாது. அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி ஒழுங்காக இல்லை.

பாசி செத்துவிட்டது, இன்றைக்கு இந்தத் தொட்டியில் உட்கார முடியாது என்று சொன்னேன். துளசிமணி கொஞ்சநேரம் தட்டையே பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, என்ற கிட்னியக் கழுவிப்போட்டு, அதுக்குப் பொட்டு வேற வெச்சிருக்கீங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் மூச்சிரைப்பாக மாறியது. வெள்ளிங்கிரி சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்றார்.

ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டேன். எங்கேயும் இடமில்லை. லீவு நாள், பாதி ஆள்கள்தான், வாசலில் கூட்டம் என்றார்கள். ஏன் கூட்டம் என்பது எனக்கு உடனே புரிந்தது. ஏனென்றால் என்னுடைய போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தால் ஒரே பாட்டு. மீன் மேலே வருகிறது, தட்டு பளிச்சென்று இருக்கிறது.

"எங்குளுது மட்டும் இல்லீங்களா?" என்றார் வெள்ளிங்கிரி.

"ஊரே கழுவியிருக்கு அண்ணாச்சி."

இந்தத் தொட்டிகள் வந்தது அந்தப் பொங்கலுக்குப் பிறகுதான். அவை பார்க்கும் முதல் ஆயுத பூஜை அது. கரண்ட் போனால் என்ன செய்வது, நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் எங்கள் கம்பெனியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். மெஷினைக் கும்பிடுகிற ஊரில் மெஷினைக் கொடுக்கிறோமே என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை. முதிர்ந்த தட்டு எதையும் கையிருப்பில் வைத்துக்கொள்வதில்லை, விளக்குச் செலவு வீண் என்று. என் வண்டியில் இருந்ததெல்லாம் வெறும் வலைகளும் நாலு கேன் உப்புத் தண்ணீரும்தான்.

"வேற வழியே இல்லீங்களா மேடம்?"

"ஒண்ணு இருக்கு. முதிர்ந்த தட்டு ஒண்ணு கிடைச்சா, அதுல பாதிய வெட்டி எடுத்து, புதுத் தண்ணில மாட்டி இன்னைக்கே ஓட்டிரலாம். குடுக்கிறவங்களுக்கும் பாதி மிஞ்சும், பிழைச்சுக்கிடுவாங்க. ஆனா யார் வீட்டுல இருக்கு? இன்னைக்குப் பூஜை போடாத வீடா இருக்கணும்."

பட்டறைகள் எல்லாம் மூடிக்கிடந்த அந்தத் தெருவில், ஒரே ஒரு லேத் மட்டும் ஓடுகிற சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம்.

"நம்பி," என்றார் துளசிமணி.

தெருக்கோடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர் அறிவுடைநம்பி. கருப்புச் சட்டைக்காரர். ஆயுத பூஜையன்று ஊரெல்லாம் மெஷினுக்கு லீவு விட்டால், அவர் மட்டும் வேலை இல்லாவிட்டாலும் லேத்தைப் போட்டு ஓட விடுவார். அவர் வீட்டுக்குத் தொட்டி மாட்டியதும் நான்தான். நோயாளியின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. நான் சொல்லவில்லை, லேத் சொல்லிவிட்டது.

"அவங்கிட்டப் போயி நான் நிக்கறதா?" என்றார் வெள்ளிங்கிரி.

துளசிமணி நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். "நீங்க போவாட்டி நானே போறேன்."

வழியில்தான் வெள்ளிங்கிரி கதையைச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே பூஜை நாளில், நம்பி மொபெட்டில் வரும்போது இவர் பட்டறை முன்னால் உடைத்துப் போட்டிருந்த திருஷ்டிப் பூசணிக்காயில் சறுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மாதக்கணக்கில் வலி மாத்திரை. ஏற்கெனவே சர்க்கரை இருந்த உடம்பு. மாத்திரை தின்று தின்று சிறுநீரகம் போய்விட்டது.

"தெருப் பூராவும் பூசணிக்கா கெடந்துச்சுங்க. என்றதுலதான் வழுக்குனார்னு ஆரு கண்டா?" என்றார். கொஞ்சதூரம் நடந்த பிறகு அவராகவே சொன்னார். "என்றதுதானுங்க."

நம்பி பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் ஊன்றுகோல், எதிரே வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த லேத். வெள்ளிங்கிரியைப் பார்த்ததும் லேத்தை நிறுத்தினார்.

"என்ன வெள்ளிங்கிரி, பூசணிக்கா வாங்கியாச்சா இந்த வருசம்?"

"ஏனுங்க..." என்று ஆரம்பித்தார் வெள்ளிங்கிரி. முப்பது வருஷமாக வாடா போடா என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த 'ங்க' நம்பியின் முகத்தைக் கொஞ்சம் மாற்றியது. நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"ஆசிட்டா?" என்றார் நம்பி. "ஆசிட்டு ஊத்திக் கழுவிப்போட்டுக் கும்புட்டியா?"

வெள்ளிங்கிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"பாதித் தட்டு வேணும். அப்படித்தானே? என்ற இடுப்பு முழுசாப் போச்சே, அதுக்கு நீ பாதி குடுத்தியா? ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டியா?"

"இல்லீங்க."

"எதுக்கு வரல?"

"பயமுங்க," என்றார் வெள்ளிங்கிரி. அவர் கண் கலங்கிவிட்டது. "என்னைய என்ன வேணா பேசுங்க நம்பி. அவ இன்னைக்குத் தாண்ட மாட்டான்னு இந்தம்மணி சொல்லுது."

நம்பி ஊன்றுகோலைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் எழுந்தார். "உனக்காக இல்ல. முப்பது வருசமாக் கத்தறேன், மெஷினைக் கும்புடாதே, அது எப்படி ஓடுதுன்னு பாருன்னு. வா. பூசை போடாத மெஷின் எப்படி இருக்கும்னு காட்டறேன். பாத்துட்டு வெட்டி எடுத்துட்டுப் போ."

பட்டறைக்குப் பின்னால் வீடு. தொட்டி அறைக் கதவை ஊன்றுகோலால் தள்ளினார்.

மீன் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தது.

தட்டின் சட்டத்தில், ஓரத்தில், யாருக்கும் தெரியக்கூடாது என்று வைத்ததுபோல் மிளகளவு ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். முன்பக்கத்து வலையில் பாசி இல்லை.

நம்பி அந்தப் பொட்டைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அவருக்குப் பின்னால், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் மனைவி ரங்கநாயகி வந்து நின்றார்.

"நீயா?" என்றார் நம்பி.

"நீங்க நல்லா இருக்கோணும்னுதானுங்க," என்று அழத் தொடங்கினார் ரங்கநாயகி. "வருசா வருசம் நீங்க லேத்துக்குப் போனதும் தையல் மெஷினுக்கு ஒரு பொட்டு வெச்சு அழிச்சுப்போடுவேன். இந்த வருசம் இதுக்கும் வெச்சேன். அழுக்கோட எப்படிங்க வெக்கறது?"

"எதைப் போட்டுத் தேய்ச்சீங்கம்மா?" என்றேன். "ஆசிட்டா?"

"ஐயோ, ஆசிட்டு நாத்தம் அவுருக்குத் தெரிஞ்சுபோயிருமுங்களே. வெறும் தண்ணியில தேங்கா நாரு. அதுவும் முன்னாடி மட்டுந்தானுங்க தேய்ச்சேன். அதுக்குள்ள இவுரு தண்ணி குடிக்க வந்துட்டாரு. அப்படியே மாட்டிப்போட்டேன்."

சட்டத்தைத் திருப்பினேன். பின்பக்கம் பச்சைக் கம்பளி அடர்ந்து கிடந்தது. முன்பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். பாசியின் வேர் வலைக்கண்ணில் இருந்தது. புருஷனுக்குப் பயந்து அரைகுறையாகச் செய்த பூஜை, அரைத் தட்டை மிச்சம் வைத்திருந்தது.

"இப்ப வெட்டலாங்களா?" என்றார் வெள்ளிங்கிரி.

"முடியாது அண்ணாச்சி. இதே பாதிதான். வெட்டுனா ஆளுக்குக் கால். வெட்டி இடம் மாத்துனா பாசி ரெண்டு மூணு நாள் சோர்ந்துரும், அரைத் தட்டுன்னா தாங்கும், கால் தட்டு தாங்காது. காலும் இல்லாம ரெண்டு பேரும் போயிருவாங்க. இப்படியே விட்டா இவரு ஒருத்தர் பிழைச்சுக்கிடுவார்."

இதைச் சொல்லும்போது நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெள்ளிங்கிரி நம்பியைக் கும்பிட்டார். "உங்களுக்கே பத்தாதுங்க. நான் வாறேன்," என்று திரும்பினார். எங்கே போகப்போகிறார், போய் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே சட்டத்தை நேராகத் திருப்பி வைத்தேன்.

"நில்றா," என்றார் நம்பி.

என்னைப் பார்த்துக் கேட்டார். "வெட்டி எடுத்துட்டுப் போனாத்தானே அம்மணி கெடும்? வெட்டாம, அந்தம்மாளை இங்கயே கூட்டிட்டு வந்து உக்கார வெச்சா?"

"ஒரு தொட்டிக்கு ஒரு ஆள்தான் ஐயா. கம்பெனி விதி."

"விதியக் கேக்கல. தாங்குமா தாங்காதா?"

"தெரியல. விளக்கை அணைக்காம விட்டு, நீங்க ரெண்டு பேரும் சாப்பாட்டைக் குறைச்சா... முன்பக்கம் வேர் இருக்கு, நாலஞ்சு நாள்ல முளைச்சுரும். அதுவரைக்கும் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். தாங்காட்டி உங்களுக்கும் இல்ல."

நம்பி கொஞ்சநேரம் மீனையே பார்த்தார். "கூட்டிட்டு வா," என்றார்.

துளசிமணியை ஸ்கூட்டரில் உட்கார வைத்து வெள்ளிங்கிரி தள்ளிக்கொண்டே வந்தார். ஸ்கூட்டரின் பொட்டும் மாலையும் அப்படியே இருந்தன. நான் என் கேன் தண்ணீரைத் தொட்டியில் மாற்றி ஊற்றி, இரண்டு பக்க விளக்கையும் முழுசாக ஏற்றி, அவர் கையில் குழாயை மாட்டினேன். நம்பியின் முறை மறுநாள் காலையில். அவர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, மீனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த மீன்தான் அவருடைய மறுநாள் காலை.

அரைமணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு மீன் மேலே வந்தது. வாயைத் திறந்தது. மெல்ல ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியது. என் கை சுவிட்சுக்குப் போனது.

"நிறுத்திரு கண்ணு," என்றார் துளசிமணி. "எனக்கு இது போதும். அவுரு பொழைக்கட்டும்."

"கம்முனு உக்காருங்க அம்மணி," என்றார் நம்பி. "அது சாயட்டும். சாகலையே."

வெள்ளிங்கிரி தரையில் உட்கார்ந்து, தண்ணீரைத் தட்டுக்கு ஏற்றும் பம்பின் வாயில் விரலை வைத்துப் பார்த்தார். "ஓட்டம் பத்தலீங்க," என்றார். "தட்டைக் கழட்டி மாட்டுனப்ப காத்து அடைச்சிருக்குது." பம்புக் குழாயைக் கழற்றி ஊதி, மறுபடி மாட்டினார். தட்டின் மேல் தண்ணீர் சீராக இறங்கியது. ரங்கநாயகி வாசற்படியில் நின்று ஏதோ சாமியைக் கூப்பிட்டார். நம்பி அதைத் தடுக்கவில்லை.

மீன் அப்படியே கிடந்தது. பிறகு வாலை ஒருதரம் அசைத்தது. கொஞ்சம் நிமிர்ந்தது. வெகுநேரம் கழித்து, தொட்டியின் நடுவுக்கு இறங்கி ஒரு சுற்றுச் சுற்றியது. துளசிமணியின் நாடியைப் பிடித்தேன். ஒழுங்காக ஓடியது. எனக்கு அழுகை வந்தது, யாரும் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

போனை எடுத்தேன். வந்த அழைப்புகளுக்கெல்லாம் ஒன்றையே சொன்னேன். பூஜை போடாத வீட்டைத் தேடுங்கள், தட்டை வெட்டாதீர்கள், ஆளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வையுங்கள். சில வீடுகள் கதவைத் திறந்தன. சில திறக்கவில்லை. திறக்காதவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் அந்த வாரம் இறந்துபோனவர்களின் பெயர்கள் எனக்கு இன்றும் தெரியும்.

நான் வெளியே வந்தபோது தெருவில் வெள்ளிங்கிரி சீமாற்றோடு நின்றிருந்தார். அடுத்தடுத்த வாசல்களில் உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காய்களைக் கூட்டி ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இது உங்களது இல்லையே அண்ணாச்சி."

"ஆருதா இருந்தா என்னங்க," என்றார்.

இரண்டு மாதம் கழித்து நம்பி வீட்டுக்கு மறுபடி போனேன். அதற்குள் துளசிமணியின் புதுத் தட்டும் முதிர்ந்து, அவர் தன் வீட்டுத் தொட்டிக்குத் திரும்பியிருந்தார். ஒரே தொட்டியில் இரண்டு பேரை உட்கார வைத்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்ட கம்பெனி, கூடவே ஒரு மூட்டை ஸ்டிக்கரும் அனுப்பியிருந்தது. 'பூஜைக்காக இந்தத் தட்டைக் கழுவாதீர்கள்.' வீடு வீடாக ஒட்ட வேண்டியது என் வேலை.

நம்பி தொட்டி அறைக்கு இப்போது பூட்டுப் போட்டிருந்தார். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல், சாவி அவர் இடுப்புக் கயிற்றில். திறந்துவிட்டார். சட்டத்தின் ஓரத்தில் அந்தப் பொட்டு இருந்தது. ஸ்டிக்கர் ஒட்ட வாகான இடமும் அதுதான். துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன்.

"அதைத் தொடாதே," என்றார் நம்பி. "ஸ்டிக்கரைக் கீழ ஒட்டு."

நான் அவரைப் பார்த்தேன்.

"என்ன பாக்கற? ஜன்னல் வழியா ரங்கநாயகி தெனமும் பாக்கறா. பூசை ஆயிருச்சுன்னு அவளுக்குத் தெரியோணும். இல்லாட்டி பூட்டை உடைச்சாவது உள்ள வந்து கழுவிப்போடுவா."

சரிதான் என்று குனிந்து ஸ்டிக்கரை ஒட்டினேன். தட்டில் தெறிக்கும் உப்புத் தண்ணீருக்குக் குங்குமம் நாலு நாள்கூட நிற்காது. அந்தப் பொட்டில், அன்றைக்குக் குழைத்த சந்தனத்தின் ஈரம் இன்னும் காயவில்லை.